அகத்தியமலையின் பச்சிலை

திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே, மேற்குத்தொடர்ச்சி மலையில் 1,868 மீட்டர் உயரத்தில் விளங்குவது அகத்தியமலை. தமிழர் இதனைப் பொதிகை எனப் போற்றுவர். இம்மலையின் ஒருபுறம் கேரளம். மறுபுறம் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம். இருபுறக் காடுகளிலும் காணி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்கள் அறிந்திருந்த ஒரு சிறு செடி மருந்தான வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

காட்டில் கிடைத்த செய்தி

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தாவரவியல் அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு இக்காட்டிற்குச் சென்றது. மலையேற்றத்தால் ஆய்வாளர்கள் களைப்புற்றனர். வழிகாட்டிகளாக வந்த காணிகளோ, சிறு காய்களை மென்றவாறு சோர்வின்றி நடந்தனர். அவற்றை உண்ட ஆய்வாளர்களும் புத்துணர்ச்சி பெற்றனர். எச்செடியின் காய் அது என வினவியபோது காணிகள் தயங்கினர். அது அவர்தம் இனத்தார் காத்துவந்த மறைபொருள். பின்னரே செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

சோதித்து அறிதல்

உண்டவர் உணர்ந்ததைக் கொண்டு மட்டும் ஒன்றை மருந்து எனக் கூற இயலாது. அஃது உடலில் எங்கு, எவ்வாறு செயற்படுகிறது எனச் சோதித்தல் வேண்டும். இம்முறைக்கு வழிவகுத்தவருள் ஒருவர் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் பிரான்சுவா மஜாந்தி (1783–1855). ஜாவாத் தீவினர் அம்புகளில் தடவிய நஞ்சினை 1809இல் அவர் விலங்குகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தார். நஞ்சு குருதிவழிப் பரவித் தண்டுவடத்தைத் தாக்குவதால் தசைகள் விறைக்கின்றன எனக் கண்டார். அந்நஞ்சின் வேதிப்பொருளான ஸ்டிரிக்னின் 1818இல் வேறு வேதியியலாரால் பிரித்தெடுக்கப்பட்டது. நம் நாட்டு எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சும் அதுவே. உயிருள்ள விலங்குகளை வருத்தியமைக்காக மஜாந்தி கடுமையாகக் கண்டிக்கப்பட்டார். எனினும், சோதித்து அறியும் முறை மருந்தியலில் நிலைபெற்றது. மஜாந்தியின் பெயரை வரலாறு நினைவில் வைத்துள்ளது. நஞ்சினை முதலில் அறிந்த ஜாவா மக்களின் பெயர்கள் அதில் இல்லை.

பங்கும் உரிமையும்

ஆரோக்கியப்பச்சையின் வரலாறு இங்குதான் வேறுபடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் இச்செடியை ஆராய்ந்தது. காயில் மட்டுமன்றி இலையிலும் களைப்பைப் போக்கும் பொருள்கள் உள்ளமை புலனாயிற்று. இலையுடன் வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 1995இல் அதனைத் தயாரிக்கும் உரிமம் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உரிமைத்தொகை. இவற்றுள் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அதனைப் பெறுவதற்காக 1997இல் காணிகளின் அறக்கட்டளை தோன்றியது.

இம்முயற்சியிலும் இடர்கள் எழுந்தன. காட்டில் இலை பறிப்பதற்கு வனத்துறை தடை விதித்தது. தங்களிடம் முன்னரே கலந்து பேசவில்லை எனக் காணிகளுள் ஒரு சாரார் குறைகூறினர். எனினும், அறிவைத் தந்தவர்க்கும் பயனில் பங்கு உண்டு என்பதற்கு இஃது உலகில் முன்னோடிச் சான்றாயிற்று. 2002இல் இயற்றப்பட்ட இந்திய உயிரியல் பன்மயச் சட்டம் இக்கொள்கையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது.