மேக நிழல் இருக்கட்டும், மினுக்கம் போகட்டும்

கமலாலயக் குளக்கரையில் ஸ்டாண்டு போட்டு நாமக்கல் மலைக்கோட்டையை டைம்லாப்ஸ் எடுக்கிற தம்பிகள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணா, படம் மினுக்கு மினுக்குனு அடிக்குதுங்க.”

எட்டு விநாடிக்கு ஒரு படம் வீதம் 2 மணி நேரம் எடுத்தால் 900 படங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும்போது அது 36 விநாடிக் காட்சி. தனித்தனியாகப் பார்த்தால் தெரியாத வெளிச்ச வேறுபாடு, வரிசையாக ஓடும்போது கண்ணைக் குத்தும். ஆட்டோவில் எடுத்தால் கேமரா மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் தாவும். ஒரு தாவலுக்கு வெளிச்சம் ஏறக்குறைய 26 சதவீதம் கூடிவிடும். மேனுவலில் வைத்தாலும் மினுக்கம் முழுக்கப் போகாது. லென்ஸின் அப்பர்ச்சர் இதழ்கள் ஒவ்வொரு கிளிக்குக்கும் மூடித் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் அச்சாக அதே அளவில் நிற்பதில்லை. அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து எடுத்தால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

எடுத்த பிறகு எடிட்டிங்கில் செய்வது டீஃப்ளிக்கர். மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமின் சராசரி வெளிச்சத்தையும் அளந்து ஒரு கோடாக வரையும். ரம்பப் பல் மாதிரி இருக்கும் அந்தக் கோட்டை அக்கம்பக்கத்து ஃபிரேம்களின் சராசரியை வைத்து வழவழப்பாக்கி, அதற்கேற்ப ஒவ்வொரு படத்தின் எக்ஸ்போஷரையும் ஏற்றி இறக்கும். இதற்கென்றே உள்ள எல்ஆர்டைம்லாப்ஸ் பலரும் பயன்படுத்துவது. டாவின்சி ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பிலும் இந்த வசதி உண்டு. ரா ஃபைலாக எடுத்திருந்தால் ஏற்றி இறக்கத் தாராளமாக இடம் இருக்கும்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஐப்பசி மேகம் மலையைக் கடக்கும்போது அதன் நிழல் பாறை மீது ஏறி இறங்குவதும் அதே கோட்டில்தான் பதிவாகும். கேமராவின் கோளாறு ஒரே ஃபிரேமில் துள்ளும். மேக நிழல் பத்துப் பதினைந்து ஃபிரேமில் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். வழவழப்பின் அளவை அளவுக்கு மீறிக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து அழிந்து, மலை சுவரில் ஒட்டிய படம்போல நிற்கும். எனக்கு அந்த நிழல்தான் காட்சியின் உயிர். அதனால் குறைந்த அளவில் தொடங்கி, துள்ளல் அடங்கியதும் நிறுத்திவிடுவேன்.

வெளிச்சத்தைச் சமப்படுத்துவது நம் பக்கத்துக்குப் புதிய வேலையல்ல. டி. ஆர். சுந்தரம் 1935-இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் ஃபிலிம் படங்களிலும், ஷாட்டுக்கு ஷாட் மாறும் வெளிச்சத்தைப் பிரிண்ட் போடும்போது லேபில் சரிசெய்தார்கள். நாம் ஃபிரேமுக்கு ஃபிரேம் செய்கிறோம்.

லாரி பாடி கட்டும் பட்டறையில் எடுப்பது இன்னும் கடினம். வெல்டிங் பொறி பறக்கும் ஃபிரேமை மென்பொருள் ‘வெளிச்சம் அதிகம்’ என்று எடுத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பொறி மங்கி, சேஸிஸ் கறுத்துவிடும். அளவெடுக்கும் பகுதியாகப் பொறி வெளிச்சம் படாத ஒரு மூலையை மட்டும் குறித்துக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும். அங்குள்ள டியூப்லைட் வேறு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை ஐந்நூறில் ஒரு விநாடி என வைத்தால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். முழு ஃபிரேமையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் டீஃப்ளிக்கரால் அந்தப் பட்டையை நீக்க முடியாது. ஐம்பதில் ஒரு விநாடிக்கு ஷட்டரை வைத்துவிட்டு எடுங்கள், தம்பி.