‘நோகாது’ எண்டு பிள்ளைக்குச் சொல்லாதீங்கோ

“குழப்படி செய்தா டொக்டரிட்டச் சொல்லி ஊசி போடுவிப்பன்.” இந்த வெருட்டைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை யாழ்ப்பாணத்திலும் குறைவு, இங்கே பலெர்மோவிலும் குறைவு. சுகமாயிருக்கிற பிள்ளைக்கு அது எப்போதாவது ஒரு தடுப்பூசியோடு முடிந்துவிடும். புற்றுநோய் வந்த பிள்ளைக்கு அப்படியில்லை.

நான் இருப்பது சியாகுல்லியில், மண்டரின் தோட்டங்களுக்கு நடுவே. தெரிந்த குடும்பமொன்றின் மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்றானபின், மொழிபெயர்க்கவென்று சில தடவை வைத்தியசாலைக்குக் கூடப் போயிருக்கிறேன். பிள்ளைகளுக்கு வழமையாக வருகிற வகை என்றால் சிகிச்சை ஏறக்குறைய இரண்டு வருடம். இரத்தம் எடுக்க ஊசி, மருந்து ஏற்ற ஊசி, முதுகுத்தண்டில் ஊசி. “வருத்தத்தைவிட ஊசிக்குத்தான் இவன் பயப்பிடுறான்” என்றார் தாய். உலகெங்கும் இந்த நோயுள்ள பிள்ளைகள் பலர் சொல்வதும் இதைத்தான்.

முதுகு ஊசி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுப்பார்கள். தோலை மரக்கச் செய்யும் களிம்பும் உண்டு, ஆனால் அதை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் முந்திப் பூசவேண்டும். இவற்றை விடச் சொல்லி நான் எழுதவில்லை. அவற்றோடு சேர்த்து, காசு செலவில்லாமல் செய்யக்கூடிய வேலைகளும் இருக்கின்றன.

2018இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 59 பரிசோதனைகளில் 5,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களைப் பார்த்தது. கவனத்தைத் திருப்புதல், மூச்சை ஊதுதல், கற்பனையில் ஆழ்த்தும் ஹிப்னோசிஸ் எல்லாம் ஊசி நோவையோ பயத்தையோ குறைக்க உதவக்கூடும் என்பதே அதன் முடிவு.

வன்கூவரைச் சேர்ந்த உளவியலாளர் லியோரா குட்னர், புற்றுநோயுள்ள சிறுவர்களுக்கு ‘மாயக் கையுறை’ என்றொரு விளையாட்டைக் காட்டிக்கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத கையுறையை விரல் விரலாகப் போட்டுவிடுவது. அது போட்ட கையில் நோ குறையும் என்று பிள்ளையின் மனம் எடுத்துக்கொள்ளும். பேய்க்காட்டல் மாதிரித் தெரியும். ஆனால் நோவை உணர்வது மூளைதானே! 13 ஆண்டுகள் கழித்து, வளர்ந்துவிட்ட அதே பிள்ளைகளைத் தேடிப்போய் ஒரு படமே எடுத்தார் அவர்.

எங்கட ஆக்கள் தடுக்கி விழுவது வேறொரு இடத்தில். “ஒண்டுமில்லையடா, நோகாது, அழாத.” அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் இப்படித் திரும்பத் திரும்பத் தேற்றுவதும் “பாவம் என்ர பிள்ளை” என்பதும் பதற்றத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அம்மாவே பயந்திட்டா என்பது பிள்ளைக்கு விளங்கிவிடும். அதோடு, நோகாது என்று சொல்லி நொந்தால் அடுத்தமுறை யார் சொல்லை நம்புவது?

“ஒரு குத்துக் குத்தும். பத்து எண்ணும்வரை ஊது.” இது போதும். அந்த மகனுக்குத் தாய் சவர்க்கார நுரைக் குமிழி கொண்டுபோவார். தாதியும் இப்போது “ஊது, ஊது” என்று தமிழிலேயே சொல்கிறார். சில நாள் சரிவராது, கத்துவான்தான். முன்பு நாலுபேர் அமத்திப் பிடிக்கவேண்டியிருந்தது, இப்போது தாயின் மடி போதும். படுக்க வைத்து அமத்துவதைவிட மடியில் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பது பயத்தைக் குறைக்கும்.

இதைக் கேட்கத்தான் எங்களுக்குக் கூச்சம். டொக்டர் கோவிப்பார் என்ற பயம், பாஷைக் கஷ்டம். அக்காக்காரியைப் பள்ளிக்கூடம் மறித்து மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிற வீடுகளும் உண்டு. இத்தாலியின் 2010ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, நோயாளியின் வலியையும் அதற்குச் செய்ததையும் அதன் பலனையும் மருத்துவக் கோவையில் பதியவேண்டும். பிள்ளையின் நோவைப் பற்றிக் கேட்பது சலுகை கேட்பதல்ல.

“பொஸ்ஸோ தெனேர்லோ இன் பிராச்சோ?” மகனை மடியில் வைத்திருக்கலாமா என்று அர்த்தம். மகள் என்றால் ‘தெனேர்லா’. படுக்க வைத்தே ஆகவேண்டிய ஊசியென்றால், தலைமாட்டில் நிற்க விடச்சொல்லிக் கேளுங்கோ.