லட்ச ரூபாய் ஆடியோ கேபிள்: வித்தியாசம் காதுக்கா, கண்ணுக்கா?

2022 ஜூலையில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்தும் ஒருவர் யூடியூபில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மொபைல் ஃபிடெலிட்டி, சுருக்கமாக ‘மோஃபை’, என்ற நிறுவனத்தின் வினைல் இசைத்தட்டுகள் தயாராகும் வழியில் ஓர் இடத்தில் டிஜிட்டல் நுழைகிறது என்பதுதான் அவர் சொன்னது.

‘அதனால என்ன?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஆடியோஃபைல்கள் எனப்படும் தீவிர ஒலிப் பிரியர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. டிஜிட்டல் ஆக்கினாலே இசையில் உயிர் போய்விடும், காந்த நாடாவிலிருந்து நேரடியாகத் தட்டுக்குப் போகும் அனலாக் ஒலிக்குத்தான் அந்த இதம் உண்டு என்பது அவர்களில் பலரின் அசைக்க முடியாத நம்பிக்கை. மோஃபை தட்டுகளின் அட்டையில் ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்ற பட்டை இருக்கும். அதை நம்பி நூறு டாலருக்கு மேல் கொடுத்து ஒரே ஓர் ஆல்பத்தை வாங்கியவர்கள் ஏராளம்.

சந்தேகம் கிளம்பியதே ஒரு கணக்கால்தான். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக மோஃபை அறிவித்தது. அவர்களுடைய முறைப்படி ஒவ்வொரு அச்சிலும் குறைந்த எண்ணிக்கையில்தான் தட்டு எடுக்க முடியும். அப்படியென்றால் அசல் நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். விலைமதிப்பற்ற அந்த நாடாவை அத்தனை முறை தேய்க்க யார் சம்மதிப்பார்கள்?

நிறுவனத்தின் பொறியாளர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். 2011 முதலே பல வெளியீடுகளில் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவம் இடையில் இருந்திருக்கிறது. வழக்கு வந்தது. சுமார் 2.5 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் பேசப்பட்டது.

எனக்கு இதில் பெரிய செய்தியாகத் தெரிவது நிறுவனம் மறைத்தது இல்லை. அந்தப் பத்து வருடங்களில் ஒருவர்கூட ‘இதில் டிஜிட்டல் வாடை அடிக்கிறது’ என்று கேட்டுக் கண்டுபிடித்து நிரூபிக்கவில்லை. அனலாக் ஒலிக்கு உதாரணமாக இந்தத் தட்டுகளையே சிலாகித்தவர்கள் இருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் காதால் இல்லை, கணக்கால். (டிஎஸ்டி மிக உயர்தர டிஜிட்டல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிடியும் வினைலும் ஒன்று என்று இந்தச் சம்பவம் நிரூபிக்கவில்லை. ‘டிஜிட்டல் என்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும்’ என்ற பேச்சைத்தான் இது கவிழ்த்தது.)

பார்த்துக்கொண்டே கேட்டால்...

அவர்களைக் கேலி செய்ய அவசரப்பட வேண்டாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் அவர்களுக்குக் கேட்டது. நாம் கேட்பது காதில் முடிகிற வேலை இல்லை. கண் பார்த்தது, விலை, பிராண்ட் எல்லாவற்றையும் மூளை சேர்த்துக் கலக்கித்தான் ‘ஒலி’ என்று நமக்குப் பரிமாறுகிறது.

1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒரு சுற்றில் திரைக்குப் பின்னால் ஒலித்தது எது என்று தெரியாமல் மதிப்பெண் போட வேண்டும். இன்னொரு சுற்றில் பார்த்துக்கொண்டே போட வேண்டும். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவான செட்டுக்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கர் தயாரிக்கும் கம்பெனியிலேயே வேலை பார்ப்பவர்களுக்கே இந்த நிலை.

இதோடு இன்னொரு ஏமாற்றும் உண்டு: சத்தம். இரண்டு கருவிகளில் ஒன்று ஒரு டெசிபெல்லுக்கும் குறைவாகக் கூடுதலாக ஒலித்தால், நமக்கு அது ‘சத்தமாக’ இருப்பதாகத் தோன்றாது. ‘தெளிவாக’, ‘ஆழமாக’ இருப்பதாகத் தோன்றும். ஷோரூமில் ‘இதைக் கேட்டீங்களா, இப்போ இதைக் கேளுங்க’ என்று மாற்றிப் போடும்போது இரண்டின் அளவும் சமமாக வைக்கப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

படிக்கட்டு படம் காட்டும் விளம்பரம்

‘ஹை-ரெஸ்’ விளம்பரங்களில் ஒரு படம் அடிக்கடி வரும். சிடி ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு இருக்கும், ஹை-ரெஸ் ஒலி வழவழப்பான வளைவாக இருக்கும். படம் தவறு. மனிதக் காதுக்கு எட்டும் உச்சம் சுமார் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அது இன்னும் இறங்கும். ஓர் ஒலியின் உச்ச அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கும் மேலான வேகத்தில் மாதிரி எடுத்தால் அதை முழுமையாகத் திரும்ப உருவாக்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் பெயரால் அறியப்படும் கணிதத் தேற்றம். சிடி நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கிறது. கருவியின் வெளியே வருவது படிக்கட்டு இல்லை, வழவழப்பான அலைதான்.

அடுத்து 16 பிட், 24 பிட் பேச்சு. 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவில் சுமார் 96 டெசிபெல் இடைவெளி. ஃபேன் ஓடும் நம் அறையின் சத்தமே 40 டெசிபெலைச் சுலபமாகத் தொடும். அதற்கு மேல் 96 ஏற்றினால் 136. காது வலிக்க ஆரம்பிப்பதே 120, 130 பக்கம்தான். ஸ்டுடியோவில் பதிவு செய்யும்போது 24 பிட் தேவை, அங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஹாலில் உட்கார்ந்து கேட்க 16 போதும்.

சோதனைகள் என்ன சொல்கின்றன? 2007-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு பிரபலம். உயர்தரப் பதிவை அப்படியே ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் கேட்கவைத்து எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. அதாவது 49.8%. நாணயம் சுண்டியிருந்தாலும் இதே விடைதான்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுவோம். 2016-ல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளின் 12,000-க்கும் மேற்பட்ட முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்தார். சரியாகச் சொன்னது 52.3%. பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே போனார்கள். ஆக, வித்தியாசம் பூஜ்யம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘திரை விலகியது போல இருக்கும்’ என்று விற்பவர்கள் சொல்வதற்கும் இந்த 52.3-க்கும் நடுவே ரொம்ப தூரம்.

அப்போ ஹை-ரெஸ் பதிப்பு நிஜமாகவே நன்றாக இருந்ததாகச் சொல்லும் நண்பர் ஏமாந்தவரா? அவசியம் இல்லை. பல சமயம் அது வேறு மாஸ்டரிங்காக இருக்கும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் ‘டெத் மேக்னடிக்’ சிடியில் சத்தத்தை ஏற்றி நசுக்கியதில் ஒலி உடைந்தது. அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ கேமில் சுத்தமாக ஒலிப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். அந்த வித்தியாசம் யார் காதுக்கும் கேட்கும். அதற்கும் பிட் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

கேபிளுக்கு வருவோம்

ஸ்பீக்கர் ஒயரின் வேலை ஆம்ப்ளிஃபையரிலிருந்து மின்சாரத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோவது. முக்கியமாகப் பார்க்க வேண்டியது மின்தடை. கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர். மொத்த மின்தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். இதனால் குறையும் ஒலி 0.1 டெசிபெல்கூட இல்லை. 10 மீட்டர் இழுக்க வேண்டுமா, 2.5 சதுர மி.மீ. வாங்கிவிடுங்கள். கதை முடிந்தது.

2007-ல் பியர் கேபிள் என்ற அமெரிக்க நிறுவனம் 12 அடி ஸ்பீக்கர் கேபிள் ஒரு ஜோடியை 7,250 டாலருக்கு விற்றது. போலி அறிவியலை அம்பலப்படுத்துவதையே தொழிலாக வைத்திருந்த மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, ‘சாதாரண கேபிளிலிருந்து இதைக் கேட்டே பிரித்துச் சொன்னால் 10 லட்சம் டாலர்’ என்று சவால் விட்டார். நிபந்தனைகள் பற்றிய வாக்குவாதம் நீண்டதே தவிர, சோதனை நடக்கவே இல்லை.

பவர் கேபிள் இன்னும் சுவாரஸ்யம். துணைமின் நிலையத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் சாதாரணக் கம்பியில் வரும் மின்சாரம், சுவருக்குள் இருக்கும் சாதாரண ஒயரில் ஓடி, கடைசி ஒன்றரை மீட்டரில் மட்டும் வெள்ளி பூசிய கேபிளில் குளித்துச் சுத்தமாகிவிடுமாம். ‘ஆடியோஃபைல் நெட்வொர்க் ஸ்விட்ச்’ விற்பனையும் நடக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கின் தொகையைப் பிழையில்லாமல் கொண்டுவரும் அதே நெட்வொர்க்தான் பாட்டையும் கொண்டுவருகிறது. தரவு பழுதானால் திரும்ப அனுப்பச் சொல்லும். முடியாவிட்டால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். ‘வயலின் கொஞ்சம் மங்கலாக’ கேட்பதற்கு அங்கே வழியே கிடையாது.

‘200 மணி நேரம் ஓடினாத்தான் கேபிள் பழகும் சார்’ என்று யாராவது சொன்னால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று ஒருமுறை பில்லைப் பாருங்கள்.

இதெல்லாம் பணக்காரர்கள் வியாதி என்று நினைக்காதீர்கள். நம் கடைத்தெருவில் ஸ்பீக்கர் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த ‘5000 வாட்ஸ் பிஎம்பிஓ’ ஞாபகம் இருக்கிறதா? அந்த எண்ணை அளக்கப் பொதுவான விதி எதுவும் கிடையாது. தொடர்ந்து கொடுக்கும் திறனைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்தான் பார்க்க வேண்டியது.

சரி, எதற்குக் காசு போடலாம்?

ஸ்பீக்கருக்கு. தயங்காமல். இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கண்ணைக் கட்டினாலும் கேட்கும், அளந்தாலும் தெரியும். 2004-ல் ஷான் ஆலிவ் 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளையும், திரைக்குப் பின்னால் கேட்டவர்கள் கொடுத்த மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.86. எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ சமமாக, நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் சீராகக் கொடுக்கும் ஸ்பீக்கரைத்தான் மக்கள் விரும்புகிறார்கள். ஜேபிஎல் விற்கும் கம்பெனியின் ஆய்வு இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆய்விதழில் அச்சாகி, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கும்படி கிடக்கிறது. கேபிள் நிறுவனங்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

அடுத்தது அறை. விளம்பரம் இல்லாத விஷயம், ஏனென்றால் விற்க ஒன்றுமில்லை. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு திசையிலும் அதே 56, இரட்டை அடி. பேஸ் கிட்டாரில் 55 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வரும்போது ஜன்னல் அதிரும், பக்கத்து ஸ்வரம் பாதியாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அந்த 55-ஏ காணாமல் போகும். எந்தக் கேபிளாலும் இதைத் தொட முடியாது. ஆனால் நாற்காலியை இரண்டு அடி தள்ளிப் போட்டால் மாறும். ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து வெளியே இழுத்தால் மாறும். மொசைக் தரை, வெறும் சுவர் என்றால் கை தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று எதிரொலித்தால் ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போடுங்கள். அடிநாத அதிர்வை அவை அடக்காது, ஆனால் பாடுகிறவர் குரல் பளிச்சென்று ஆகும்.

ஆம்ப்ளிஃபையரில், உங்கள் ஸ்பீக்கரைத் திணறாமல் ஓட்டும் திறன் இருந்தால் போதும். அதற்கு மேல் கொடுப்பது உலோக உடலுக்கும் அழகுக்கும். அழகுக்குக் காசு கொடுப்பது தப்பே இல்லை. வினைல் சுற்றுவதைப் பார்ப்பதே ஒரு சுகம் என்றால் தாராளமாக வாங்குங்கள். அதை அறிவியல் என்று பில் போடும்போதுதான் பிரச்சினை.

இவ்வளவுக்குப் பிறகும் ‘எனக்கு நிஜமாவே கேக்குதுங்க’ என்றால், வீட்டிலேயே சோதிக்கலாம். ஃபைல்களை ஒப்பிட, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 பிளேயரில் ஏபிஎக்ஸ் என்ற வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். கேபிள், ஆம்ப் என்றால் ஒரு நண்பர் வேண்டும். நீங்கள் திரும்பி உட்காருங்கள், அவர் ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி எதைப் போடுவது என்று முடிவு செய்யட்டும். சத்த அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து முறை. ஆறு, ஏழு சரியாக வந்தால் குதிக்க வேண்டாம், குருட்டாம்போக்கில் சொன்னாலே அவ்வளவு வரலாம். ஒன்பதோ அதற்கு மேலோ குருட்டாம்போக்கில் வர வாய்ப்பு சுமார் 1% தான். அந்த ஒன்பது வந்தால் அந்தக் கேபிளை வாங்கிக்கொள்ளுங்கள்.