சனிக்கிழமைச் சம்பளமும் இடுப்புச் சுற்றளவும்

பயராபீஸ் (பட்டாசு ஆலை), தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று சிவகாசிப் பக்கம் வேலைக்குப் போகிற இருபது வயதுக்காரர்களிடம் எடையைப் பற்றிப் பேசினால், “உழைக்கிற உடம்புல எங்கே சதை போடும்?” என்பார்கள். உழைப்பு உண்மைதான். ஆனால் சரம் பின்னுவதும் பெட்டி ஒட்டுவதும் உட்கார்ந்தே நடக்கிறவை. விரல்தான் ஓடுகிறது, தொடையும் முதுகும் சும்மா இருக்கின்றன. களைப்பு நிறைய, கலோரிச் செலவு கொஞ்சம். பீஸ் ரேட் கூலி என்பதால் எழுந்து நாலு எட்டு நடந்தால் வருமானம் குறையுமே என்ற பயமும் உண்டு. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை விட வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் வகுத்துவிட்டது. அந்த அரை மணியில் பத்து நிமிடமாவது நடக்கலாம்.

2015–16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடு இருந்தார்கள். 2019–21 ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37-க்கு ஏறினார்கள். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றில் சேர்வதால், மேலை நாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை.

விருதுநகர் பொரிச்ச புரோட்டாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. அதைக் கரைக்க அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். சம்பளம் வாங்கிய சனிக்கிழமை இரவு நாலுக்குப் பதில் இரண்டு புரோட்டா, கூட ஒரு முட்டை, போதும். சனிக்கிழமையைவிட எனக்குக் கவலை மற்ற ஆறு நாட்களைப் பற்றித்தான். சர்க்கரை தூக்கலான டீ, கூடவே ஒரு வடை, வீட்டுக்குப் போனால் சாத்தூர் சேவு. மதியத் தூக்குச்சட்டியில் மலையளவு சோறு, தண்ணீராய்ச் சாம்பார். பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் தட்டில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது! சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் காயும் வையுங்கள். கரிசலில் விளையும் கம்பும் குதிரைவாலியும் நல்லவைதான். ஆனால் அவையும் அளவுக்கு மிஞ்சினால் எடை போடும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் தோப்புக்கரணம், தண்டால். ஜிம் கட்டணம் வேண்டியதில்லை. வாரம் அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம். பட்டினி கிடந்து மாதம் பத்து கிலோ இறக்கினால் தசையும் சேர்ந்து கரையும். எடை திரும்பி வந்துவிடும். பட்டாசு மருந்துத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சு வாங்கினால், எடைதான் காரணம் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘பதினைந்தே நாளில் தொப்பை காலி’ என்று பொடி விற்கிறவர்களிடம் எச்சரிக்கை. உடல் பருமனைக் குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். பசியை அடக்கும் சிபுட்ரமின் மாத்திரை இதய ஆபத்து காரணமாக 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அறுவை சிகிச்சையையும் எளிதாக நினைக்க வேண்டாம். 2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மல் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர், 26 வயது, உயிரிழந்தார். விசாரணைக்குப் பின் அரசு அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்தி வைத்தது.

பொடி வாங்கி ஏமாந்திருந்தால் ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் நடந்தால், சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கேட்பது உரிமை. பிடித்தமே இல்லையென்றால் ஏன் என்று ஆபீசில் கேளுங்கள். கார்டு இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காசில்லாமல் பார்ப்பார்கள்.