செயினைத் தின்னும் தூசி

உசிலம்பட்டிப் பக்கமிருந்து மல்லிகை மூட்டையோடு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரும் பைக்குகள் சிலவற்றில், கிளட்சை விட்டதும் அடியில் ‘கடக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். மெக்கானிக் குனிந்துகூடப் பார்க்கமாட்டார். “செயின் லூஸுண்ணே. இனிமே இழுக்க இடமில்ல, செயின்-ஸ்பிராக்கெட் கிட்டையே மாத்தணும்.”

செயின் நீண்டுவிட்டது என்பது பேச்சுவழக்கு. பட்டைகள் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதன்மேல் உருளும் ரோலர். 1880-ல் இங்கிலாந்தில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற அமைப்பு இது, கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ‘ரோலான்’ செயின் வரைக்கும் அடிப்படை மாறவில்லை. பின்னும் புஷ்ஷும் உரசி, கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். 100 கண்ணியில் அது 25 மில்லிமீட்டர். ஓர் அங்குலம்!

அப்படி இடைவெளி கூடிய கண்ணி, ஸ்பிராக்கெட் என்னும் பல்சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் மேலேறும். பல் ஒரு பக்கமாகக் கரைந்து அரிவாள் மூக்குபோல வளையும். முதலில் அடிவாங்குவது முன்னால் இருக்கும் சின்ன ஸ்பிராக்கெட். அதில் 14 பல், பின்னால் 42 பல் என்றால், பின்சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் அது மூன்று முறை சுற்றியாக வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 60,000 சுற்று.

இந்த ஊர்த் தூசி சாதாரணத் தூசியல்ல. வைகை மணலிலும் மேலூர் கிரானைட் பொடியிலும் குவார்ட்ஸ் உண்டு. 10 வரையுள்ள மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7; சாதாரண இரும்பு அதற்குக் கீழே. சர்வீஸில் வடித்த கழிவு ஆயிலைச் செயினில் ஊற்றுவது பலரின் பழக்கம், பெரிய தவறும் அதுதான். அதில் ஏற்கெனவே உலோகத் துகள் இருக்கிறது. போதாததற்கு ரோட்டுத் தூசியும் ஒட்டினால் உப்புத்தாள்தான். அழகுக்காக முழுச் செயின் கவரைக் கழற்றுவதும் இதற்கே வழிவிடும்.

  

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஓட்டி நிறுத்திய சூட்டோடு 90-ஆம் நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கம் விடலாம். மாற்றும்போது செயினோடு இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுக்கும். சந்தேகமிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் இழுத்துப் பார்க்கலாம். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது.