விளக்கைப் பிடிக்கும் கை

நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிப்போகும்படி சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும் நாள் குமரிமுனையில் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் மறுமுறையும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகையில் அமைந்த இந்தப் பிரதேசத்தில், மார்கழி மாதத்து நண்பகலிலும் வெயில் சுடவே செய்கிறது. தலையில் துவர்த்தைக் கட்டிக்கொண்டு குளச்சலிலும் முட்டத்திலும் கடலேறுகிறவர்களும், சாமித்தோப்பு உப்பளங்களில் கீழிருந்து எதிரொளிக்கும் வெண்மையையும் சேர்த்து முகத்தில் ஏற்கிறவர்களும், நாஞ்சில் நாட்டு வயல்களில் குனிந்து நாற்று நடுகிற பெண்களும் இந்த வெயிலுக்கு ஆயுள் முழுவதும் வரி செலுத்துகிறார்கள். கன்னத்து மேட்டில் படரும் கருமை, நெற்றியில் தெளித்தாற்போன்ற புள்ளிகள், பிடரியில் தடித்துச் சொரசொரத்த தோல் ஆகியவையே அந்த வரியின் ரசீதுகள்.

சூரிய கிரணங்களில் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாப் பகுதியே இச்சேதத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. அதன் ஒரு பிரிவு மேல்தோலைச் சுடுகிறது. மற்றொரு பிரிவு உள்தோல் வரை ஊடுருவி, சருமத்துக்கு இழுவிசை தரும் நார்களைச் சிதைக்கிறது. இதற்கு எதிராக உடல் விரிக்கும் குடைதான் மெலனின் என்னும் கருநிறமி. நம்மவருக்கு அக்குடை பிறவியிலேயே பெரிதாக வாய்த்திருப்பதால் சுருக்கங்கள் பிந்தியே வருகின்றன. ஆனால் நிறமி ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் போகும் கோளாறு முந்திக்கொள்கிறது.

ஒளியால் வந்த கேட்டை ஒளியாலேயே தீர்க்கலாம் என்று இன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விளம்பரப் பலகைகள் கூறுகின்றன. ஒளியை மருந்தாகக் கொள்வது நமக்குப் புதிதன்று. கார்போகரிசியை வெண்புள்ளிகளுக்குப் பிரயோகித்து வெயில் காட்டும் முறையை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். அவ்விதையிலுள்ள சோராலென் என்ற பொருள் சருமத்தை ஒளிக்கு இணங்கச் செய்கிறது என்பதையும், அளவு மீறினால் தோல் கொப்புளித்துவிடும் என்பதையும் நவீன விஞ்ஞானம் பின்னர் விளக்கிற்று. மேல்நாட்டில் நீல்ஸ் ஃபின்சன் என்ற மருத்துவர் செறிவூட்டிய ஒளியால் தோல் காசத்துக்குச் சிகிச்சை அளித்து 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இப்போதைய யந்திரங்கள் இரு வகையின. ஒன்று லேசர், அது ஒரே அலைநீளமுடைய ஒளியை மட்டும் உமிழ்வது. மற்றொன்று ஐ.பி.எல். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒளித்துடிப்பு யந்திரம். அதனுள் செனான் வாயு நிரம்பிய விளக்கொன்று மின்னலைப்போல் பளிச்சிட, அதிலிருந்து பிறக்கும் ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரையிலான பல அலைநீளங்களில் வேண்டாதவற்றை ஒரு வடிகட்டி தடுத்து, மீதியைக் குளிர்ந்த களிம்பு பூசிய தோலின்மீது செலுத்துகிறது. இரண்டுக்கும் அடிப்படையான தத்துவத்தை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1983ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார்கள். கறுப்புத் துணியையும் வெள்ளைத் துணியையும் ஒரே கொடியில் உலர்த்தினால் கறுப்புத் துணி முன்னே சூடேறுகிறதல்லவா? அவ்வாறே நிறமி மிகுந்த புள்ளி ஒளியை அதிகமாக விழுங்கிச் சூடேறுகிறது. அந்தச் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவுமுன் துடிப்பு முடிந்துவிடுமானால், புள்ளி மட்டும் அழிந்து அயல் தப்புகிறது. ஐ.பி.எல். துடிப்பு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கே நீடிக்கும். நிறமிக்கெனப் பயன்படும் சில லேசர்களின் துடிப்போ வினாடியின் நூறு கோடியில் சில பங்குதான். பலன் தரும் இடத்தில், புள்ளி முதலில் காப்பிப்பொடி தூவினாற்போல் கருத்து, ஒரு வாரம் பத்து நாட்களில் பொருக்காக உதிர்கிறது.

இத்தத்துவத்தின் அழகு வெள்ளைத் துணியில் விழுந்த கறுப்புக் கறைக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். துணியே கறுப்பாயிருந்தால் ஒளிக்குக் கறை எது, துணி எது? நம் சருமத்தில் நிறமி எங்கும் பரவியிருக்கிறது. வெயிலில் நின்றவருக்கு அது மேலும் ஏறியிருக்கிறது. புள்ளிக்கென்று விட்ட ஒளியைத் தோல் முழுவதும் பங்கிட்டு விழுங்கிப் புண்ணாகிறது. என் உறவினப் பெண்மணி ஒருவர், திருமணத்துக்கு முகம் தெளிய வேண்டுமென்று ஓர் அழகு நிலையத்தில் இச்சிகிச்சை செய்துகொண்டு, யந்திரத்தின் முனை அழுந்திய இடமெல்லாம் தீப்பெட்டி அளவில் கட்டம் கட்டமாகச் சுட்ட தழும்புகளோடு திரும்பினார். அக்கட்டங்கள் மங்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த யந்திரத்தில் பழுதேதும் இல்லை. வெளுத்த தோலுக்குரிய அளவை அவர்மேல் வைத்ததே பிழை.

இங்கே ஒரு சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். ஒளிக்குச் சருமம் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதை வகைப்படுத்தும் அளவுகோலை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975ஆம் ஆண்டில் அமைத்தார். கார்போகரிசியில் உள்ளதன் இனத்தைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்துப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சைக்கு அளவு குறிப்பதே அதன் நோக்கம். முதலில் அது வெண்ணிறத்தார்க்கெனவே வகுக்கப்பட்டது. பழுப்பு, கருநிறச் சருமங்களுக்குரிய 5ஆம், 6ஆம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. நம்மவரிற் பெரும்பாலார் 4 முதல் 6 வரையிலான வகைகளில் அடங்குவர். ஆகவே மேல்நாட்டுக் கையேட்டில் அச்சிட்ட அளவை அப்படியே இங்கே கையாள்வது கூடாது. குறுகிய அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டி, நீண்ட துடிப்பு, குறைந்த சக்தி என்று மாற்றியமைக்க வேண்டும். நிறமி குறைவாகவே விழுங்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம்-யாக் லேசர் நம் சருமத்துக்கு ஒப்புநோக்கில் பத்திரமானது. அதுவும் கைத்திறனைப் பொறுத்ததே.

எனவே, சிகிச்சை நாடுவோர் யந்திரத்தின் பெயரையும் விலையையும் விசாரிப்பதற்கு முன், அதைப் பிடிக்கும் கை யாருடையது என்று விசாரிப்பதே முறை. தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பட்டம் பெற்ற மருத்துவரின் பெயர் வாசற்பலகையில் இருக்க, உள்ளே சில நாள் பயிற்சி பெற்ற உதவியாளர் மட்டும் ஒளியைச் செலுத்துவதும் உண்டு. ஆதலால் அன்றைக்கு அந்த அறையில் இருக்கப் போகிறவர் யார் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

நல்ல மருத்துவரை அவர் கேட்கும் கேள்விகளாலேயே பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடலாம். கடைசியாக எப்போது நெடுநேரம் வெயிலில் நின்றீர்கள், என்ன மருந்துகள் உட்கொள்கிறீர்கள், காயம் பட்டால் தழும்பு தடிக்குமா, கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று நிதானமாக அவர் விசாரிப்பார். முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகள் தோலை ஒளிக்கு எளிதில் இரையாக்கும் என்பதை அவர் அறிவார். முகம் முழுவதும் தொடங்குமுன் காதோரம் போன்ற மறைவிடத்தில் சிறு பரீட்சை செய்து, தோல் எப்படி ஏற்கிறதென்று காத்திருந்து பார்ப்பார். அறையிலுள்ள அனைவரின் கண்களுக்கும் காப்பு அணிவிப்பார். ஒரே அமர்வில் பொன்னிறமாக்குவேன் என்று வாக்களிக்கமாட்டார்.

மறுக்கத் தெரிந்தவர் என்பதையே நான் யாவற்றிலும் மேலான இலட்சணமாகக் கருதுகிறேன். பெண்களின் கன்னங்களில் பெரும்பாலும் காணப்படும் மங்கு, வெயிற்புள்ளியைப் போலத் தோன்றினாலும் வேறு இயல்புடையது. ஒளியின் உஷ்ணம் பட்டால் முன்னிலும் கருத்துத் திரும்பிவிடும். அதற்குக் களிம்புகளும் வெயில் தடுப்புமே முதலில் உரியவை. அவ்வாறே, நாளை விடியலில் மீண்டும் கடலுக்குச் செல்ல வேண்டிய மீனவருக்கு, வெயில் ஏறிய தோலின்மீது ஒளி வைப்பதற்கில்லை. சில வாரங்கள் வெயிலை விலக்க இயலாதவருக்கு அகன்ற தொப்பியும் தடுப்புக் களிம்பும் கூறி அனுப்பிவைக்கும் மருத்துவர், வருமானத்தை இழந்து நோயாளியைக் காக்கிறார்.

இவையெல்லாவற்றுக்கும் முந்திய ஒன்றுண்டு. தோலிலுள்ள கருமை ஒவ்வொன்றும் வெயிற்புள்ளியாகவே இருந்துவிடுவதில்லை. நம்மவரிடையே அரிதென்றாலும் புற்றும் சிறு கரும்புள்ளியாகத் தொடங்குவதுண்டு. ஒளி மேல்நிறத்தை அழித்துவிட, உள்ளே வேர் மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும் அபாயம் அங்கே இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பகுதியில் ஒரு முற்பகலைச் செலவிட்டுக் காட்டினாலும் போதும். புள்ளி இன்னதென்று அங்கே தெளிந்த பிறகு, சிகிச்சையை எங்கே செய்துகொள்வது என்று ஆலோசிக்கலாம். உங்கள் உடலில் ஒரு புள்ளி வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ஓரம் ஒழுங்கிழந்தாலோ, ஆறாமல் கசிந்தாலோ, தோல் மருத்துவர் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை அதன்மேல் எந்த ஒளியையும் படவிடாதீர்கள்.