பழைய மோட்டார்ப் படகுக்கு ஓர் எஞ்சினா, இரண்டா?

பழைய மோட்டார்ப் படகொன்றைச் செப்பனிட்டு மீண்டும் கடலில் இறக்க விரும்புவோர் பல முடிவுகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. வர்ணம் பிழைத்தால் மீண்டும் பூசலாம். இருக்கை பொருந்தாவிடின் வேறொன்று வைக்கலாம். ஆனால் ஓர் எஞ்சினைப் பூட்டுவதா, இரண்டைப் பூட்டுவதா என்ற முடிவு அத்தகையதன்று. பின்னர் அதனை மாற்ற வேண்டுமாயின் படகின் வயிற்றையே மறுபடி திறக்க நேரும். பொருட்செலவு ஒருபுறமிருக்க, கரை தெரியாத கடலில் எஞ்சின் நின்றுவிடும் வேளையில் படகிலுள்ளோரின் உயிரும் இம்முடிவைச் சார்ந்தே நிற்கும்.

'ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும்' என்பதே இரண்டை விரும்புவோரின் முதல் வாதம். இவ்வாதத்தின் வலிமையை ஆராய அமெரிக்காவின் 'பேர்ட்ரம் 31' என்ற படகு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளர், அடிப்பாகம் முன்னிருந்து பின்வரை ஆழ்ந்த ஆப்புப் போல அமைந்த ஓர் உருவத்தை வகுத்தார். அவ்வுருவில் மரத்தாற் கட்டப்பட்ட 'மொப்பி' என்ற படகு, 1960ஆம் ஆண்டில் புளோரிடாவின் மியாமியிலிருந்து பஹாமாத் தீவுகளின் நாசோ வரை நடைபெற்ற போட்டியில், கொந்தளித்த கடலைக் கடந்து முதலிடம் பெற்றது. அதன் வழிவந்ததே பேர்ட்ரம் 31. கண்ணாடியிழையால் ஆக்கப்பட்டு 1961ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இப்படகைத் தேடி வாங்கிப் புதுக்குவோர் இன்றும் உளர். 11 அடிக்கு மேற்பட்ட அகலமுடைய அதன் உடல், பக்கம் பக்கமாக இரண்டு எஞ்சின்களைத் தாங்குமாறே அமைக்கப்பட்டது.

இரட்டை எஞ்சினால் வரும் நன்மைகள் உண்மையானவை. நீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையிற் சுழலுமாறு பூட்டப்படுகின்றன. ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் இயக்கினால், படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஒடுங்கிய துறைமுகத்தில் காற்று வீசும்போது இதன் அருமை தெரியும். ஒற்றை விசிறிப் படகோ பின்னோக்கிச் செல்லும்போது ஒரு பக்கமாகவே இழுபடும். அதனைப் பழகி ஆள வேண்டும்.

எனினும், 'மற்றது கரை சேர்க்கும்' என்ற நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. நீர்மேல் எழுந்து விரையும் படகுகளிற் பெரும்பாலானவை, ஓர் எஞ்சின் நின்றதும் அவ்வாறு எழமாட்டா. நீரைப் பிளந்துகொண்டு மெல்லவே ஊரும். நீரில் தோயும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கினால் அவ்வேகம் ஏறத்தாழத் தெரியவரும். நீளம் 25 அடியாயின், மணிக்கு 6.7 கடல்மைல். 25 கடல்மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடிச் சென்றவர், திரும்பிவர ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். நின்றுபோன விசிறியின் இழுவையும் சேர்ந்தால் நேரம் இன்னும் நீளும்.

இதனினும் முக்கியமானது வேறொன்று. கடலில் எஞ்சின் நிற்பதற்கு இரும்பு முறிவதே காரணமாக வேண்டியதில்லை; எரிபொருளிற் கலந்த நீரும் அழுக்கும் போதும். பழைய தொட்டியின் அடியிற் பல்லாண்டாகப் படிந்த கசடு, அலை குலுக்கும்போது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். இரண்டு எஞ்சின்களும் ஒரே தொட்டியில், ஒரே குழாயில் எரிபொருள் குடிக்குமாயின் இரண்டும் ஒருங்கே நிற்கும். ஆகவே தொட்டி, குழாய், வடிகட்டி, மின்கலம், குளிர்நீர்வழி ஆகிய யாவும் தனித்தனியாக இருந்தாலன்றி இரட்டை எஞ்சின் இரட்டைக் காவல் ஆகாது.

ஒற்றை எஞ்சினின் பெருமையை அறிய அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள மேய்ன் கரைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிங்கி இறால் பிடிப்போர், கூடுகளின் மிதவைக் கயிறுகள் நிறைந்த நீரில், பாறைகளுக்கு அருகே நாள்தோறும் தொழில் செய்கின்றனர். அவர்களது படகுகள் பெரும்பாலும் ஒற்றை டீசல் எஞ்சின் கொண்டவை. அடியில் நீண்டோடும் ஏராக்கட்டை விசிறிக்கு முன்னே நின்று அதனைக் காக்கிறது. இரட்டை விசிறிகளோ பெரும்பாலும் இருபுறமும் காப்பின்றித் தொங்குவன. கயிறும் பாறையும் அவற்றை எளிதில் தாக்கும்.

மேலும், ஒரே வலுவைத் தரும் இரண்டு சிறிய எஞ்சின்களைவிடப் பெரிய ஓர் எஞ்சின் பொதுவாக விலையிற் குறைந்தது. ஒரு சுழல்தண்டும் ஒரு சுக்கானும் இருப்பதால் நீரின் தடையும் குறையும். நாற்புறமும் சென்று கைவைக்க இடம் கிடைக்கும். பழைய படகில் இடநெருக்கடியாற் கையெட்டாத குழாயொன்று, கவனிப்பாரின்றி உளுத்து ஒருநாள் வெடிப்பது வியப்பன்று.

அவ்வாறாயின் எல்லாப் படகுகளையும் ஒற்றை எஞ்சினுக்கு மாற்றிவிடலாமோ எனின், அதுவும் தவறு. பேர்ட்ரம் 31 போன்ற உடலில் எஞ்சின் தாங்கிகளும் சுழல்தண்டுத் துளைகளும் இரண்டுக்கே அமைந்தவை. ஒன்றாக்க வேண்டுமாயின் பழைய துளைகளை உறுதியாக அடைத்து, நடுவே புதிய துளையிட்டு, தாங்கிகளைப் புதிதாகக் கட்டி, எடையின் சமநிலையையும் மீண்டும் கணக்கிட வேண்டும். வாங்கிய விலையில் மிஞ்சிய பணத்தை இவ்வேலை விழுங்கிவிடக்கூடும். அவ்வாறே, ஒன்றுக்காகக் கட்டப்பட்ட ஒடுங்கிய உடலில் இரண்டைத் திணிப்பதும் எடையையும் நெருக்கடியையும் கூட்டும். எதைத் தெரிந்தாலும், தாங்கிகளின் உள்மரம் உக்கியிருக்கிறதா என்பதை முதலிற் சோதித்தல் வேண்டும். உக்கிய மரத்தின்மேல் அமர்த்திய புது எஞ்சின் நேர்வரிசையில் நில்லாது.

ஆகவே, புதுக்குவோர் மூன்றினை நிறுத்துப் பார்த்தல் நன்று: உடல் எதற்காகக் கட்டப்பட்டது, எந்த நீரில் ஓடப்போகிறது, பராமரிப்புக்குப் பணமும் கையும் எவ்வளவு உண்டு. ஒன்றைத் தெரிந்தவர், தூய தொட்டி, ஓடும்போதே மாற்றத்தக்க இணை வடிகட்டிகள், நல்ல நங்கூரம், வானொலித் தொடர்புக் கருவி, இயலுமாயின் தனித் தொட்டியுடைய சிறு வெளிப்புற மோட்டார் ஆகியவற்றைத் தேடிக்கொள்க. இரண்டைத் தெரிந்தவர் ஒவ்வொன்றையும் தனியே ஓடவிட்டு, அமைதியான நாளில், கரைக்கு அண்மையில், ஓர் எஞ்சினால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை அளந்து குறித்துக்கொள்க. அவ்வெண் தெரிந்திருந்தால், எவ்வளவு தூரம் கடலுக்குள் செல்லலாம் என்பதும் தெரியும்.